பிரைட் போடாத வண்டி

நாற்காலி அக்காவுக்குப் புருஷன் மேல் இருந்த கோபம் ஒன்றா, இரண்டா? காலையில் சொல்ல ஆரம்பித்தால் படுக்கப் போகிறவரை சொல்லலாம். ஆனால் மற்ற கோபங்களையெல்லாம் அவள் அன்றைக்கன்றே கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். தீராமல் கிடந்தது ஒன்றுதான். பொழுது சாய்ந்து, சாமான் ஏற்றி, வண்டியின் முன் சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்ததும் அது கிளம்பிவிடும். அந்த மனுஷன் எந்தக் கும்மிருட்டிலும் ஹெட்லைட்டை பிரைட்டில் போட மாட்டார்.

கல்யாணம், துக்கம், பள்ளிக்கூட விழா, சங்கக் கூட்டம், எதுவானாலும் நாலு பேர் உட்கார வேண்டுமென்றால் வாடகை நாற்காலிக்கு அவர்கள் வீட்டைத் தேடித்தான் ஆள் வரும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே கூரை முட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், மடக்கு மேஜைகள், சுருட்டி வைத்த தார்ப்பாய்கள். வெயில் ஏறினால் பிளாஸ்டிக்கும் சோப்புத் தண்ணீரும் கலந்த ஒரு வாடை அடிக்கும். அது இல்லாவிட்டால் அம்மாவுக்குத் தூக்கம் வராது என்று மகள் கிண்டல் செய்வாள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் அக்கா தன் கையாலேயே மஞ்சள் பெயிண்டில் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள். யார் வீட்டு வாசலில் அந்த வட்டம் தெரிந்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவாள். உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மாற்றி எடுத்து வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று சிரித்த முகமாகவே சொல்லிவிட்டு வருவாள். சிரிப்பென்னவோ சிரிப்புதான், கண்ணில் மட்டும் பொறி பறக்கும்.

புருஷன் இதற்கு நேர் எதிர். நாற்காலிக் காலை உடைத்து வைத்தால் பரவாயில்லை. தார்ப்பாயில் சிகரெட் ஓட்டை போட்டால் பரவாயில்லை. கல்யாணத்தன்று மாமனார் செருப்புக் காலோடு இவர் காலை மிதித்து நகம் பெயர்ந்தபோதும், முகத்தைச் சுளித்துக்கொண்டே பரவாயில்லை மாமா என்றவர்தான் இவர். அந்த வார்த்தையே கடைசியில் பெயராக ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் பரவாயில்லை என்றார்கள், சின்னவர்கள் பரவாயில்லை அண்ணன் என்றார்கள். அதற்கும் அவர் கோபப்பட்டதில்லை. இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்துவது என்ன லேசா? ஊருக்கெல்லாம் நல்லவர். அவர் விட்டுக்கொடுத்ததையெல்லாம் பின்னாலேயே போய் மீட்டுக்கொண்டு வருகிறவள் பெண்டாட்டி. அதனால் அவள் பொல்லாதவள். ஊர் இப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தது.

சரி, அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். வண்டி ஓட்டுகிற விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

சந்தையைத் தாண்டி, செங்கல் சூளை வரைக்கும் தெருவிளக்கு உண்டு. அதற்கப்புறம் நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டியே ரோடு போகிறது. ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கரை, விளக்கென்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. அந்த ரோடு முடிகிற இடத்தில்தான் இவர்கள் வீடு. சூளையில் வேலை முடித்தவர்கள் அதில்தான் நடந்து போவார்கள். லாரிக்காரர்கள் நினைத்த இடத்தில் ஓரங்கட்டிவிட்டுத் தூங்குவார்கள். ஹெட்லைட்டை டிம்மில் வைத்தால் நாலைந்து வண்டி நீளத்துக்கு மேல் எதுவும் தெரியாது. ஏதோ நிற்கிறது என்று கண்ணில் படும்போது வண்டி அதன் மேல் போயிருக்கும். அந்த மாதிரி ரோட்டுக்காகத்தானே பிரைட் என்று ஒன்றை வைத்திருக்கிறான்? எதிரே ஆள் வந்தால் இறக்க வேண்டும். முன்னால் வண்டி போனால் அதன் கண்ணாடியில் அடிக்காமல் இறக்க வேண்டும். ஆள் கடந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு விரல் வேலை.

பரவாயில்லை இறக்குவார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கார் வந்தால் இறக்குவார். சைக்கிள் வந்தால் இறக்குவார். ரோட்டைப் பார்த்த ஜன்னல் இருக்கிற வீடு வந்தால், உள்ளே யாராவது படுத்திருப்பார்கள் என்று இறக்குவார். ஒருமுறை ஓரமாக ஒருவன் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான், எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பாவம், கூச்சப்படுவான் என்று அவனுக்கும் இறக்கினார். இறக்கின விளக்கு இறக்கினதுதான், அதற்கப்புறம் ஏறாது. ஏற்றச் சொன்னால், அடுத்ததாக யாராவது வருவார்கள் என்பார். வரும்போது இறக்கலாமே என்றால், வளைவில் திடீரென்று வந்துவிட்டால் என்ன செய்வது, எவன் கண்ணாவது கூசி விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்பார்.

"நாம போய் எவன் மேலயாவது ஏறிட்டா யாரு பொறுப்பு?" என்று கேட்பாள் அக்கா.

அதற்கு அவர், மெதுவாகத்தானே போகிறேன் என்பார். மெதுவாகப் போவாரா என்றால் அதுவும் கிடையாது. பசி நேரத்தில் வீட்டைப் பார்த்துத் திருப்பின வண்டி என்ன வேகம் போகுமோ அந்த வேகம் போவார். எதிரில் வருகிற முகம் தெரியாதவன் கண்ணுக்காக இவ்வளவு உருகுகிற மனுஷனுக்கு, பக்கத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு கால் இரண்டையும் முன்னால் ஊன்றி, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருகிற பெண்டாட்டி கண்ணில் படவே மாட்டாள். இதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தானே ஓட்டிவிடலாம் என்று அவளும் ஒரு காலத்தில் பழகிப் பார்த்தாள். கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி பாய்ந்து கொட்டகைத் தூணில் போய் நின்றது. புருஷன் ஓடி வந்து தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, வழக்கமான அந்த வார்த்தையைச் சொன்னார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் ரோஷத்திலாவது கற்றுக்கொண்டிருப்பாள். சாவியை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனவள்தான், அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

மகள் கற்றுக்கொண்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. கை நடுங்காது. லைசென்சும் ஒரே தடவையில் வாங்கிவிட்டாள். அவளுக்கு அப்பா என்றால் உயிர். அப்பா பொய் சொல்ல மாட்டார், அப்பா யாரையும் நோகடிக்க மாட்டார் என்பதெல்லாம் அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. உண்மையைச் சொன்னால், அப்பா பொய் சொல்ல மாட்டார் என்பது அக்காவுக்கும் தெரிந்த விஷயம்தான். அவரிடம் அவள் மனசாரப் பெருமைப்பட்ட ஒரே குணம் அது.

விபத்து நடந்தது ஒரு பள்ளிக்கூட விழா முடிந்து திரும்பி வரும்போது. அன்றைக்கு அக்காவுக்கு ஏற்கெனவே தலைவலி. பிள்ளைகள் நாற்காலியில் எல்லாம் சாக்லேட்டைத் தேய்த்து வைத்திருந்தன. இருட்டிக்கொண்டு வரும்போது கிளம்பினார்கள். செங்கல் சூளை தாண்டியதும் எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. பரவாயில்லை டிம்மில் இறக்கினார். ஸ்கூட்டர் போய்விட்டது. அதற்கப்புறம் ரோட்டில் ஈ காக்கை இல்லை. பிரைட் போடுங்க என்றாள். ம் என்றார். போடவில்லை. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ம். மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்று முகத்தைப் பக்கத்து ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மரங்கள் கறுப்பாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

தண்ணீர் லாரி ஒன்று டயர் பஞ்சராகி ரோட்டிலேயே பாதி ஏறி நின்றுகொண்டிருந்தது. பின்னால் விளக்கு கிடையாது, மினுங்குகிற ஸ்டிக்கர் கிடையாது, ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. டிரைவர் ஜாக்கி இரவல் வாங்கப் போயிருந்தான். பரவாயில்லை பார்த்ததும் திருப்பினார். அவர் பக்கம் தப்பியது. அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் போய் லாரியின் மூலையில் இடித்தது. பின்னால் அடுக்கியிருந்த நாற்காலிகள் கட்டு அறுந்து தலைக்கு மேல் பறந்தன. கொஞ்ச நேரம் எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அவளுக்கு முழங்கால் சில்லு விரிசல் விட்டிருந்தது. உயிர் பிழைத்தது பெரிய விஷயம் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் விட்டார்கள். கட்டிலைச் சுற்றி ஒரே கூட்டம். மூத்த நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். வாகன ஓட்டுநர் சங்கத்தின் செயலாளர் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, யாரையாவது அடிக்கப் போகிறவர் மாதிரி நின்றார். மகள் அப்பாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எவனாவது எதிர்ல பிரைட் அடிச்சுட்டு வந்தானாண்ணே?" என்று செயலாளர் கேட்டார்.

பரவாயில்லை தன் மாவுக்கட்டைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் யார் கேட்டதற்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. கேட்கிறவர் மனசு நோகுமே.

"ஆமாப்பா, கண்ணு கூசிடுச்சு," என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். அப்போது அவர் அவளைப் பார்த்தார், பாத்திரத்தைக் கீழே போட்டு உடைத்த பிள்ளை பார்க்கிற மாதிரி. நாத்தனார் வேறு எதிரிலேயே நிற்கிறாள். தம்பியை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்தாள் என்று காலமெல்லாம் சொல்லிக் காட்டுவாள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அக்கா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதைப் பார்த்து நாத்தனாருக்கே ஆச்சரியம்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். பிரைட் வெளிச்சத்தால் அவதிப்படாதவன் யார்? ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருத்தர் சாக்கடையில் விழுந்தது, ஒருத்தர் மைல் கல்லில் ஏற்றியது, ஒருத்தர் எதிரே வந்தவனைத் துரத்திப் போய்ப் பிடித்துத் திட்டியது, கடைசியில் அவன் சொந்த மச்சானாக இருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரரும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். தண்ணீர் லாரிக்காரனுக்கோ ஏக சந்தோஷம், தன் மேல் பழி வராமல் போயிற்றே. எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. குற்றவாளி, அந்த ரோட்டில் வராத ஒரு வண்டி.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். எதிரே எவன் வந்தான்? என் கண் என்ன பொட்டையா? அவர், அவர்களே அப்படிக் கேட்டார்கள், ஆமாம் என்றுவிட்டேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம், விட்டுவிடு என்றார். அவள் விடுகிற ரகமா? மகளிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றார். அந்த வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. சொல்லவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்கக் கேட்க, வராத வண்டி வளர ஆரம்பித்தது. முதலில் வெறும் வெளிச்சமாக இருந்தது காராயிற்று, அப்புறம் வெள்ளைக் காராயிற்று, ஒரு நாள் அதன் கூரை மேல் கூடுதலாக விளக்குகூட முளைத்தது. அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் அன்றைக்கு அவள் கையில் படாத பாடு பட்டன.

இதெல்லாம் ஒரு கூத்து என்று விட்டிருக்கலாம். ஆனால் கொட்டகையை மூடிவைக்க முடியுமா? ஒப்புக்கொண்ட விழாக்கள் இருந்தன. வண்டியைத் தட்டி நிமிர்த்தி வாங்கி வந்ததும், மகள் பரிசோதனைக் கூடத்து வேலை முடிந்து வந்து அப்படியே நாற்காலி கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் ஆரம்பித்தாள். அதே ரோடு, அதே இருட்டு. அப்பாவை அடித்துப் போட்டது பிரைட் வெளிச்சம் என்று அவள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டிருந்தாள். செத்தாலும் நான் அதைப் போட மாட்டேன் என்று தோழிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பொழுது இருட்டினால் அக்கா காலை நீட்டி உட்கார்ந்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டிச் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். ஆள் இல்லாத இடத்திலாவது பிரைட் போடு என்று மகள் கிளம்பும்போதெல்லாம் சொன்னாள். மகள் செருப்பைப் போட்டுக்கொண்டே சிரித்தாள். எனக்கு ஒருத்தர் கண்ணைக் குருடாக்கி ஓட்டத் தெரியாதும்மா, நான் அப்பா பொண்ணு என்றாள்.

எதிரே யாருமே வரவில்லையடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைத் தான் சொல்லக்கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் அவர் விட்ட இடத்தையெல்லாம் நான்தான் அடைத்தேன், அவர் நல்லவராகவே இருந்தார், நான் வாயாடியாகவே இருந்தேன், இதையும் நானே சொல்லி நானே பொல்லாதவள் ஆக வேண்டுமா? இந்த ஒன்றை அவரே சொல்லட்டும், அவர் வாயாலேயே வரட்டும். தினமும் மகள் கிளம்பிப் போனதும் அவர் முன்னால் போய் நின்று, இன்றைக்குச் சொல்வீர்களா என்று கேட்பாள். இன்றைக்குச் சொல்கிறேன் என்பார். மகள் திரும்பி வந்து, சாப்பிட்டு, தூங்கியும் போய்விடுவாள்.

அப்போதுதான் சங்கத்தார் கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூட ஹாலில், பிரைட் வெளிச்சத்துக்கு எதிராக. சிறப்புப் பேச்சாளர் யார்? இவர்தான். நாற்காலி யாருடையது? அதுவும் இவர்களுடையதுதான். மகள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தானே வரிசையாகப் போட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். காலை மடக்கி உட்கார முடியவில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னாள். உட்கார்ந்து கேட்கிற மாதிரியா இருந்தது?

மேடையில் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு பரவாயில்லை பேசினார். நன்றாகவே பேசினார், அதுதான் கொடுமை. எதிரே வருகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளை, அவன் கண்ணை நம் கண்ணாக நினைக்க வேண்டும் என்றார். கூட்டத்தில் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்பது அக்காவுக்கும் தெரிந்துதான் இருந்தது. அப்புறம் புதிதாக வண்டி பழகுகிற ஒருத்தி எழுந்து, அப்படியென்றால் பிரைட்டை எப்போதுதான் போடலாம் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அக்கா தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லிவிடுவார், சொல்லித்தானே ஆக வேண்டும், இருட்டு ரோட்டில், எதிரே ஆள் இல்லாதபோது, முன்னால் வண்டி இல்லாதபோது போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிடுவார் என்று பார்த்தாள்.

"போடாம இருக்கறதே நல்லதும்மா," என்றார் பரவாயில்லை.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது மகள்.

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கி, துடைத்து, ஏற்றிக் கட்டி முடிக்கும்போது வெளியே நன்றாக இருட்டிவிட்டது. மகள் ஸ்டீயரிங்கில், நடுவில் பரவாயில்லை, கதவோரம் அக்கா காலை நீட்டிக்கொண்டு. மகளுக்கு ஒரே குஷி. அப்பா பேசியதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். செங்கல் சூளை விளக்கு பின்னால் போயிற்று. டிம் வெளிச்சம் ரோட்டில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்திருந்தது, அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. வண்டி என்னவோ அப்பாவைவிட வேகமாகவே போயிற்று.

"பிரைட் போடு கண்ணு," என்றாள் அக்கா.

அப்பா பட்டது போதாதா என்றாள் மகள். எதிரில்தான் யாரும் இல்லையே என்றாள் அக்கா. இப்போது இல்லை, வருவார்கள் என்று மகள் சொன்னபோது, குரல்தான் வேறு, பேச்சு அப்படியே அவர் பேச்சாக இருந்தது. அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கையால் இடித்தாள். அவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார்.

வெளிச்சத்தின் விளிம்பில் முதலில் தெரிந்தது இரண்டு கால்கள். அப்புறம் ஒரு புடவை. அதற்குள் மகள் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டாள். டயர் கத்தியது, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது, பின்னால் நாற்காலிகள் சடசடவென்று சரிந்தன. அக்காவின் முழங்கால் டாஷ்போர்டில் மோதியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி நின்றபோது, ஒரு ஆள் பானட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தான். சூளையில் வேலை செய்கிறவன், உடம்பெல்லாம் செங்கல் தூசி. தோளில் தூங்கி விழுகிற ஒரு குழந்தை. பின்னால் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்த ஆள் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். குழந்தை எழுந்துவிடும் என்று நினைத்தானோ என்னவோ, மகள் பக்கத்து ஜன்னலுக்கு வந்து தணிந்த குரலில்தான் கேட்டான்.

"இவ்வளவு இருட்டா இருக்கே, நல்லா லைட்டைப் போட்டுட்டு வரக்கூடாதாம்மா?"

கேட்டுவிட்டு, பெண்டாட்டியைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு நடந்தான். கொஞ்ச தூரத்திலேயே மூன்று பேரும் இருட்டில் கரைந்து போனார்கள்.

மகளின் கை ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடியே இருந்தது. ஊசி பிடிக்கிற கை. அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபம்.

"நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றாள்.

பரவாயில்லை தொண்டையைச் செருமினார். ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு எதிர்ல யாரும் வரலம்மா. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. நான்தான் டிம்லயே ஓட்டிட்டு வந்தேன். அந்த லாரி தெரியல."

"வெள்ளைக் கார்?"

"அதெல்லாம் இல்லம்மா."

சொல்லிவிட்டார். அவர் வாயாலேயே வந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அக்கா இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தாள். மகள் இனி அவரைப் பிடித்து உலுக்குவாள், அழுவாள், அப்பாவா இப்படி என்பாள், தான் பட்ட பாடெல்லாம் அவளுக்கும் புரியும் என்று எதிர்பார்த்தாள். மகள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் தாண்டி அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நீ பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

அக்கா தலையை ஆட்டினாள். நான் அன்றைக்கே சொன்னேன், பிரைட் போடச் சொல்லி எத்தனையோ தடவை சொன்னேன், உன்னிடமும் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன் என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

"பிரைட் போடுன்னு சொன்னே. இதைச் சொல்லலியே." மகளுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பா சொல்லலைன்னா சரி, அவர் அப்படித்தான், யார் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வாரு. நீ ஒரு நாற்காலியக்கூட விடமாட்டியேம்மா. நான் தினமும் இந்த ரோட்டுலதான் இப்படி ஓட்டிட்டு வர்றேன்னு தெரிஞ்சும் நீ ஏம்மா சொல்லல?"

அவரே சொல்லட்டும் என்று இருந்தேன். அதுதான் பதில். நெஞ்சுக்குள் சொல்லிப் பார்த்தபோதே அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று அக்காவுக்குத் தெரிந்தது. நடுவில் உட்கார்ந்திருந்தவர் அவள் கையைத் தொட வந்தார், அவள் இழுத்துக்கொண்டாள்.

மகள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். பிரைட்டைப் போட்டாள். வளைவு வரைக்கும் ரோடு பளிச்சென்று தெரிந்தது. ஓரமாக அந்த மூன்று பேரும் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள், குழந்தை அப்பாவின் தோளில் முகம் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் இவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. மகள் வேகத்தைக் குறைத்து, நன்றாக ஒதுங்கி, அவர்களைத் தாண்டிப் போனாள். வீடு வருகிறவரை அம்மா பக்கம் திரும்பவே இல்லை.